மேனேஜரின் எடை

நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவள் என் மனைவி. அது எந்த வேலையும் செய்யாது. யாராவது வேலை செய்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இது இப்படியா செய்வது என்பது போலப் பார்க்கும். நிறைய முடி, தொங்கிய காது, எந்த இனம் என்று சொல்ல முடியாத கலப்பு. நான்கு வருடங்களாக அது என் நாய். எங்கள் நாய் என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்ல வந்தவன் முதல் பத்தியிலேயே பொய் சொல்லக் கூடாது.

என் தொழில் தராசு பழுது பார்ப்பது. மருந்துக் கடையின் சின்னத் தராசிலிருந்து லாரியை ஏற்றி நிறுக்கும் எடைமேடை வரை எல்லாம் பார்ப்பேன். வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய மேடைத் தராசு வைத்திருக்கிறேன். மூடிப்போன ஒரு கிடங்கிலிருந்து பழைய இரும்பு விலைக்கு வாங்கியது. மின்சாரம் வேண்டாம். தட்டின் மேல் நூறு கிலோ ஏறினால், அடியில் இருக்கும் நெம்புகோல்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து அந்தப் பாரத்தை நூறில் ஒரு பங்காகக் குறைத்து, மேலே இருக்கும் தண்டுக்கு வெறும் ஒரு கிலோவாகக் கொண்டுவந்து கொடுக்கும். தண்டின் மேல் ஒரு சின்னக் குண்டை நகர்த்தி அதைச் சமன் செய்தால் போதும். ஒரு குழந்தையின் விரல் ஒரு மூட்டையைத் தாங்குகிற அதிசயம் அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனேஜருக்கு உடல் பரிசோதனை. காது மடலைத் தூக்கி மோந்து பார்ப்பேன். நல்ல காதுக்கு வாசனை இருக்காது, புளித்த வாடை வந்தால் உள்ளே ஏதோ வளர்கிறது. உதட்டை விலக்கி ஈறைக் கட்டைவிரலால் ஒரு நொடி அழுத்தி விடுவேன். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும், அப்படியென்றால் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறது. நகம் தரையில் டக் டக்கென்று கேட்டால் வெட்ட வேண்டும். கடைசியாக எடை.

எடையில்தான் ஒரு சிக்கல். ஆள் ஏறும்போது மேடைத் தராசின் தட்டு ஒரு மயிரிழை கீழே இறங்கும். செருப்புப் போட்ட நமக்கு அது தெரியாது. வெறும் பாதத்தோடு நிற்கிற பிராணிக்குப் பூமி நகர்ந்தது போல இருக்கும். ஒரே தாவலாகத் தாவி ஓடிவிடும். அதனால் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு நான் ஏறுவேன். லாரிக் கதவில் காலி எடை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சரக்கோடு நிறுத்து, காலி எடையைக் கழித்தால் சரக்கின் எடை வந்துவிடும். அதே முறைதான். இங்கே லாரி நான். என் எடை எழுபத்துநாலு கிலோ என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். மொத்தத்தில் எழுபத்துநாலைக் கழிப்பேன். நான்கு வருடமாக மேனேஜர் பதினாலு கிலோ. இருநூறு கிராம் ஏறும், இறங்கும், அவ்வளவுதான்.

இப்படியிருந்த வீட்டுக்குத்தான் மச்சான் வந்து சேர்ந்தான்.

மனைவிக்குத் தம்பி. இந்த ஊர்க் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. பயிற்சிக் காலம் இரண்டு மாதம். முடிந்ததும் கம்பெனி பக்கத்து ஊரில் முற்றம் வைத்த வீடு கொடுக்கும். அதுவரைக்கும் எங்கள் வீடு. வந்த அன்று வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, "வணக்கம் சார்" என்றான். எனக்கென்று நினைத்துக் கையை நீட்டினேன். அவன் குனிந்து மேனேஜரின் முன்காலைப் பிடித்துக் குலுக்கினான்.

அன்று பிற்பகல் மேனேஜர் அவனுடைய ஷூவின் மேல் தலை வைத்துத் தூங்கியது. என் செருப்பு பக்கத்திலேயே கிடந்தது.

நான் எதையும் அளந்து பார்க்கிறவன். என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டவுடன் மேனேஜர் வாசலுக்கு ஓடி வரும். நான்கு வருடப் பழக்கம். மச்சான் வந்த பத்தாம் நாள் அது தலையை மட்டும் தூக்கியது. பதினைந்தாம் நாள் தலையும் எழவில்லை, ஒரு காது எழுந்தது. வாலையும் எண்ணினேன். எனக்கு மூன்று ஆட்டல். அவன் குளியலறைக்குப் போய்விட்டு வந்தால்கூட வால், இடுப்பு, முதுகு எல்லாம் ஆடி, கடைசியில் நாயே இரண்டாக மடிந்துவிடும் போலிருக்கும்.

காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் அவன் அதை நடக்கக் கூட்டிப் போனான். நான் முன்பெல்லாம் தெருமுனை வரை போய்க் காரியம் முடிந்ததும் திரும்பிவிடுவேன்.

"ஒரு மணி நேரம் எங்கடா போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சார்தாங்க்கா வழி காட்டுறாரு. ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் நகர்றாரு. நமக்குப் பேப்பர் மாதிரி அவருக்குக் கம்பம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று, "இது தெரியுதா, இப்ப தெரியுதா" என்று கேட்டுவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பிருக்காது. தம்பி வந்ததிலிருந்து சாப்பாட்டு மேசையில் ஒரே சிரிப்பு. சின்ன வயதுக் கதைகள், எனக்குத் தெரியாத அத்தைகள், எனக்குத் தெரியாத ஒரு மொட்டை மாடி. மேசைக்கு அடியில் மேனேஜர் அவன் பாதத்தின் மேல் படுத்திருக்கும். எனக்குச் சோறு இறங்காது. "பசிக்கல" என்று எழுந்து பட்டறை அறைக்குப் போய்விடுவேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்வது? நாய் உன் தம்பி காலில் படுக்கிறது, எனக்கு வயிறு எரிகிறது என்றா?

அந்த நாட்களில் கால்சட்டை நிற்காமல் நழுவியது. பெல்ட்டில் ஒரு ஓட்டை போட்டேன். அளவுகோல் வைத்து, பழைய ஓட்டைகளுக்கு இடையே இருக்கும் அதே தூரத்தில், குத்தூசியால் நேர்த்தியாகப் போட்டேன். கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று. வேலை சுத்தமாக அமைந்தது என்று மகிழ்ந்தேனே தவிர, எதற்காக ஓட்டை தேவைப்பட்டது என்று யோசிக்கவில்லை.

மச்சான் வந்த இரண்டாவது ஞாயிறு எடை பார்த்தேன். பதிமூன்று கிலோ நானூறு கிராம்.

குண்டை நகர்த்தி மறுபடி பார்த்தேன். அதேதான். என் மனதுக்குள் முதலில் எழுந்தது பயம் என்று சொல்ல ஆசைதான். பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது ஒரு சின்னச் சந்தோஷம். மாட்டினான்!

"உன் தம்பி நடத்தி நடத்தியே நாயை உருக்கறான். அறுநூறு கிராம் குறைஞ்சிருக்கு."

மனைவி மேனேஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பார்த்தா அப்படித் தெரியலையேங்க."

"கண்ணு என்ன தராசா?"

மேனேஜருக்கு நாளைக்கு இருநூற்று இருபது கிராம் உலர் தீனி என்பது கணக்கு. அதை முந்நூறாக்கினேன். சாயங்காலம் யாரும் பார்க்காதபோது ஒரு அவித்த முட்டை. முட்டை கொடுக்கும் அந்த இரண்டு நிமிடம் மேனேஜர் என் முகத்தையே பார்க்கும். இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும் என்று கோழித் துண்டும் கொடுத்தேன். நாய் நன்றாகச் சாப்பிட்டது. நான்காம் வாரம் எடை பன்னிரண்டு கிலோ அறுநூறு.

தின்பது கூடுகிறது, எடை குறைகிறது. குடற்புழு இருந்தாலும் அப்படி ஆகும், சர்க்கரை நோய் இருந்தாலும் ஆகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பிடித்த காரணம் ஒன்று வீட்டிலேயே விசிலடித்துக்கொண்டு நடமாடியது.

"நாளையிலிருந்து நடை கிடையாது" என்றேன்.

மச்சான் கையில் நாயைக் கட்டும் வாரோடு நின்றான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. சார் குண்டாயிட்டு வர்றாருன்னு எனக்குத் தோணுது. படி ஏறினா மூச்சு வாங்குறாரு."

"நோட்டு இருக்கு, தராசு இருக்கு. உனக்குத் தோணுறத நீ வச்சுக்கோ."

அவன் வாரைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனான். மேனேஜர் கொக்கிக்குக் கீழே போய் உட்கார்ந்து அரை நாள் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் அவன் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று நினைத்தேன். தூக்கும்போது மேனேஜர் முன்பைவிடக் கனமாகத்தான் இருந்தது. ராத்திரி சாப்பிடாமல் நான் சோர்ந்துவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் வாரம் மேனேஜர் பின்வலது காலை நொண்டியது. அதே வாரத்தில்தான் மச்சான் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சை எடுத்தான்.

"வீட்டுச் சாவி குடுத்துட்டாங்க மாமா. முற்றம் பெருசா இருக்கு. எனக்கு மத்தியானமே வேலை முடிஞ்சிடும். பகல்ல இங்க யாரும் இல்ல, சார் தனியா இருக்காரு. நான் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"நாயைக் குடுன்னு கேக்கறியா, இல்ல ஏற்கெனவே எடுத்துக்கிட்டு ரசீது கேக்கறியா?"

"என்னங்க பேச்சு இது?" என்றாள் மனைவி. இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் எதையும் சண்டையாக விட மாட்டாள். எந்த எழுத்து தெரிகிறது, எது தெரியவில்லை என்று சோதித்துத்தான் கண்ணாடி கொடுப்பாள். "சனிக்கிழமை டாக்டர்கிட்ட போவோம். நாய் யார் கையில நல்லா இருக்கும்னு பார்ப்போம். அதுப்படி செய்வோம். சரியா?"

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. என்னிடம் நோட்டு இருந்தது. கடைசி வரி: பதினொரு கிலோ நானூறு.

கால்நடை மருத்துவர் என் வயதுப் பெண். மருத்துவமனையில் தரையோடு தரையாக ஒரு அகலமான மின் தராசு, மேலே ரப்பர் விரிப்பு. உதவியாளர் விரிப்பில் ஒரு பிஸ்கட்டை வைத்தார். மேனேஜர் தானாக ஏறி நின்றது. அசையாத தட்டு, பயமில்லை. எண் ஓடி நின்றது.

பதினாறு கிலோ நானூறு.

"இது தப்பு" என்றேன்.

"எது?" என்றார் டாக்டர்.

"உங்க தராசு. அஞ்சு கிலோ கூடக் காட்டுது. நான் இந்தத் தொழில்லதான் இருக்கேன்."

"மாமா..." என்றான் மச்சான்.

"நீ சும்மா இரு." வண்டிப் பெட்டியிலிருந்து சோதனை எடைக்கற்களைக் கொண்டுவந்தேன். தராசைச் சோதிப்பது நடுவில் ஒரு கல்லை வைத்துப் பார்ப்பதல்ல. மின் தராசின் ஒவ்வொரு மூலைக்கும் அடியில் ஒரு உணரி இருக்கும். நான்கில் ஒன்று சோம்பேறியாக இருந்தாலும் அந்த மூலையில் மட்டும் பொய் சொல்லும். அதனால் பத்து கிலோக் கல்லை நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தேன். பத்து. பத்து. பத்து. பத்து. பத்து. அறையில் எல்லாரும் எடைக்கல்லைப் பார்த்தார்கள். மேனேஜர் வழக்கம் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது.

பாதத் திருகுகள் மட்டம் தவறியிருக்குமோ என்று தராசைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தேன். சரிபார்த்த தேதியோடு ஒரு ஒட்டுச்சீட்டு இருந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. அதில் இருந்த கையெழுத்து என்னுடையது. பட்டறைக்குச் சாக்கில் கட்டி வரும் தராசுகளில் எது எந்த இடத்துடையது என்று நான் பார்ப்பதில்லை. வேலையை மட்டும் பார்ப்பேன்.

"யார் கையெழுத்துங்க அது?" என்றாள் மனைவி, நன்றாகத் தெரிந்துகொண்டே.

நான் தராசை மெல்லக் கீழே வைத்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிப் புரட்டினார். "அழகா எழுதியிருக்கீங்க. வீட்டுல எப்படி நிறுக்கறீங்க?"

சொன்னேன். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுவது, எழுபத்துநாலைக் கழிப்பது.

"இந்த எழுபத்துநாலு எப்ப எடுத்தது?"

"நாலு வருஷம் முன்னாடி" என்றேன். எடைமேடைகளில் நின்று லாரிக்காரர்களை நானே எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். "கதவுல எழுதினதை நம்பாதய்யா, டயர்ல சேறு இருக்கும், டேங்க்ல டீசல் குறைஞ்சிருக்கும், ஒவ்வொரு தடவையும் காலியா ஏத்தி நிறுத்துப் பாரு." எல்லாருக்கும் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு அடங்காத ஒரே லாரி நான்தான்.

"ஏறுங்க" என்றார் டாக்டர்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அறுபத்தொன்பது.

என் எடை ஐந்து கிலோ போயிருந்தது. அந்த ஐந்தையும் வாராவாரம் நாயின் கணக்கில் எழுதியிருக்கிறேன். நாய் இளைக்கிறது என்று நம்பி, இளைக்காத நாய்க்குத் தீனியைக் கொட்டி, நடையையும் நிறுத்தியிருக்கிறேன்.

டாக்டர் தன் கையை நீட்டிக் காட்டினார். "தராசே இல்லாம பார்க்கலாம். கையை மடக்கி விரல் மொளியத் தடவிப் பாருங்க. எலும்பு துருத்துதா? விலா அப்படி இருந்தா நாய் ரொம்ப ஒல்லி. இப்ப விரலை நீட்டிப் புறங்கையத் தடவுங்க. லேசா எலும்பு தட்டுப்படுதா? அதுதான் சரி. உள்ளங்கையத் தடவுங்க. எலும்பே தெரியல இல்ல? இப்ப உங்க நாயைத் தொடுங்க."

முடிக்குள் விரலை விட்டு விலாவைத் தேடினேன். உள்ளங்கை. நல்ல மெத்தென்ற உள்ளங்கை.

"பதினாலு கிலோ நாய்க்கு ரெண்டரை கிலோ கூடறது, உங்களுக்குப் பன்னெண்டு, பதிமூணு கிலோ கூடற மாதிரி. காலு அதைச் சுமக்குது, அதான் நொண்டுது. மூட்டு இன்னும் கெட்டுப்போகல. பழைய அளவுத் தீனி, முட்டை கிட்டை எதுவும் வேண்டாம். முதல் வாரம் பத்து நிமிஷம் நடை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. தினம் நடக்கணும். யாரு நடத்துவீங்க?"

அந்தக் கேள்வி அறைக்கு நடுவில் நின்றது. அதற்குப் பதில் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் மச்சானின் ஷூவின் மேல் உட்கார்ந்திருந்தது. மனைவி நாயைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு ஓட்டையா போட்டிருக்கீங்க?" என்றாள் மெதுவாக. "பசிக்கல பசிக்கலன்னு எந்திரிச்சுப் போனதெல்லாம்... நான் பட்டறையில வேலை இருக்குன்னுல்ல நினைச்சேன்."

இரண்டு மாதத்தில் அவள் என்னை முழுதாகப் பார்த்தது அப்போதுதான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்றும் இருந்தது.

மச்சான் குனிந்து மேனேஜரின் காதைத் தடவினான். "வேணாம் மாமா. நீங்களே வச்சுக்கோங்க. நான் இங்க இருந்ததுக்கே அஞ்சு கிலோ போச்சு. சாரையும் கூட்டிட்டுப் போனா மிச்சம் அறுபத்தொன்பதும் போயிடும்."

உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். மனைவி சிரித்தாள், டாக்டரும் சிரித்தார். அவனிடம் அதுதான் எனக்குப் பிடிக்காதது. விட்டுக்கொடுக்கும்போதுகூட எல்லாரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு விட்டுக்கொடுத்தான்.

"நான் நடத்தறேன்" என்றேன். "காலையிலயும் சாயங்காலமும்."

"எழுதி வைங்க" என்றாள் மனைவி. "நோட்டுலதான் நம்பிக்கை உங்களுக்கு."

மச்சான் மறுவாரம் பெட்டியோடு பஸ் ஏறினான். மறுநாள் காலை வாரைக் கொக்கியிலிருந்து எடுத்தேன். மேனேஜர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தது. வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், சரி, இருக்கிற ஆளை வைத்துச் சமாளிப்போம் என்பது போலக் கிளம்பியது.

முதல் வாரம் பத்து நிமிடத்தில் திருப்பிக் கூட்டி வந்தேன், நேரம் கூடியதும் அது தன் பாதையைக் காட்டியது. எனக்குத்தான் அது புதிது. இடது பக்கம் திரும்பி, தையல் கடை வழியாக, மூடிய திரையரங்கின் பின்சுவரை ஒட்டி, பள்ளி மைதானத்தைச் சுற்றி. ஒவ்வொரு கம்பத்திலும் நின்றது. இழுக்காமல் நிற்கக் கற்றுக்கொண்டேன். நாய்க்கு நடை காலுக்கு மட்டுமல்ல. மூக்குக்கு வேலை கொடுத்தால் பாதித் தூரத்திலேயே மனம் களைத்து அமைதியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "வாங்க சார், ஒரு மாசமா ஆளையே காணோம்" என்றார். நான் பதில் வணக்கம் சொல்வதற்குள் குனிந்து மேனேஜரின் கழுத்தைச் சொறிந்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டார்: "தம்பி வரலையா?"

"ஊருக்குப் போயிட்டான்."

"நல்ல பையன்" என்றார்.

"ஆமாம்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தடவை ஏறுகிறேன். முதலில் மேனேஜரோடு, பிறகு தனியாக. நோட்டில் இரண்டு பத்தி: மேனேஜர், காலி எடை. ஆறு வாரத்தில் மேனேஜர் பதினைந்து கிலோ முந்நூறு, நொண்டல் போய்விட்டது. நான் எழுபத்தொன்று. மனைவி மேசையில் எதிரே உட்கார்ந்து, நான் தட்டைக் காலி செய்யும் வரை எழுந்திருப்பதில்லை. தம்பி போனில் கூப்பிட்டால், "உங்க மாமா சாப்பிட்டுட்டு இருக்காரு, அப்புறம் பேசுடா" என்று வைத்துவிடுகிறாள். அதை நான் கேட்காதது போல இன்னொரு கரண்டி போட்டுக்கொள்கிறேன்.

சாயங்கால நடை நாற்பது நிமிடம். கடைசியில் பஸ் நிறுத்தம் வரும். மச்சான் பஸ் ஏறிப் போனதை மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்த இடம். அங்கே மேனேஜர் உட்கார்ந்துவிடும். வரும் ஒவ்வொரு பஸ்ஸின் படியையும் பார்க்கும். கடைசி ஆள் இறங்கும் வரை பார்க்கும். முதல் நாள் வாரை இழுத்தேன். அது எழவில்லை. பதினாறு கிலோவை இழுத்துக்கொண்டு நடுத்தெருவில் போக முடியாது என்பதால் நானும் நின்றேன். அன்றிலிருந்து தினமும் நிற்கிறோம். எனக்கு வயிறு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் நிற்கிற நேரம் நடையில் சேராது. மூட்டுக்கு நடந்த நிமிடம்தான் மருந்து. அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து நிமிடம் அவனுக்காக நின்றால், ஐந்து நிமிடம் சேர்த்து என்னோடு நடக்கிறது.